தண்ணீரில் நிற்கும் செடி ஏன் துவள்கிறது? வீட்டுக்குள் ஹைட்ரோபோனிக்ஸ்: வாடலுக்குக் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

மண்ணில் இருக்கும் செடி வாடினால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். மண்ணில்லாமல் சத்துக்கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸில் அந்த வைத்தியம் செல்லாது, வேர் ஏற்கெனவே தண்ணீரில்தான் கிடக்கிறது. அப்படியும் இலை தொங்கினால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும். வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை. அல்லது வேர் அனுப்புவதைவிட வேகமாக இலை அதை ஆவியாக்குகிறது. அல்லது இரண்டுக்கும் நடுவே தண்டில் அடைப்பு. சத்துக் குறைபாடு இந்தப் பட்டியலில் இல்லை. சத்து குறைந்தால் இலை மஞ்சளாகும், விளிம்பு கருகும், வளர்ச்சி நிற்கும். ஆனால் நேற்று நிமிர்ந்து நின்ற செடி இன்று சாயாது. வாடிய செடியைக் கண்டதும் சத்துக்கரைசலை இன்னும் கொஞ்சம் ஊற்றுவதுதான் பலரும் முதலில் செய்வது. பல நேரம் செடியை முடித்துவிடுவதும் அதுதான்.

எதையும் ஊற்றும் முன் கவனிக்க வேண்டியவை

முதல் தடயம், எந்த நேரத்தில் வாடுகிறது என்பது. விளக்கு எரியத் தொடங்கி நாலைந்து மணி நேரத்தில் துவண்டு, விளக்கு அணைந்த பிறகு தானாக நிமிர்கிற செடிக்கு வேர் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அறைக் காற்றின் வறட்சியோ விளக்கின் சூடோ அதற்குத் தாங்கவில்லை. இரவு முழுக்க இருட்டில் இருந்தும் காலையில் விளக்கு போடும்போது தொங்கியபடியே இருந்தால் கோளாறு வேரில் அல்லது தண்டில். இருட்டில் இலை வழியாகப் போகும் நீர் மிகக் குறைவு. அந்தச் சொற்பத்தைக்கூட வேரால் ஈடுகட்ட முடியவில்லை என்றால் நிலைமை மோசம்.

அடுத்தது, எத்தனை செடி வாடுகிறது என்பது. ஒரே தொட்டியில் இருக்கும் எல்லாமே ஒரே நாளில் துவண்டால் பம்ப், கரைசலின் வெப்பம், உப்பின் செறிவு, பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) ஆகிய பொதுவான விஷயங்களில் ஒன்று கெட்டிருக்கிறது. ஒரு செடி மட்டும் என்றால் அதன் சொட்டுக்குழாய் அடைத்திருக்கலாம், தண்டு முறிந்திருக்கலாம், வேர் தண்ணீரைத் தொடாமல் இருக்கலாம், நோய் தொற்றியிருக்கலாம். நீளமான குழாய் அமைப்பில் கடைசி இரண்டு மூன்று செடிகள் மட்டும் சோர்ந்தால், முன்னால் இருக்கும் செடிகளின் வேர்க்கற்றை பாதையை அடைக்கிறது, அல்லது கரைசல் கடைசிவரை போவதற்குள் அதிலிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது.

பிறகு மூன்று அளவுகள்: கரைசலின் வெப்பம், ஈசி (உப்புச் செறிவைக் காட்டும் மின்கடத்துத்திறன், மில்லிசீமென்ஸில் அளப்பது), பிஎச். மீட்டரை நம்புவதற்கு முன் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஈசி மீட்டருக்கு 1.413 மில்லிசீமென்ஸ் கரைசலும், பிஎச் மீட்டருக்கு 7, 4 ஆகிய இரண்டு பஃபர் கரைசல்களும் (பிஎச் மாறாத சோதனைக் கரைசல்கள்) போதும். பல மாதமாகச் சரிபார்க்காத பிஎச் மீட்டர் காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு அமிலம் ஊற்றுவது ஆபத்தான வேலை.

வேரைத் தூக்கிப் பாருங்கள்

அளவுகளைவிட அதிகம் சொல்வது வேர். செடி நிற்கும் ஓட்டைக் கிண்ணமான நெட் பாட்டை மெதுவாக உயர்த்தி, வெளிச்சத்தில் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், விறைப்பாக இருக்கும், வாடை இருக்காது. பழுப்பாக இருந்தாலே அழுகல் என்று முடிவு கட்ட வேண்டாம். இயற்கைச் சத்துகளும் ஹியூமிக் அமிலமும் சேர்ந்த கரைசல் வேருக்கு டீ நிறத்தை ஏற்றிவிடும். வித்தியாசம் தெரிய ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுங்கள். கறை பட்ட வேர் உறுதியாக நிற்கும். அழுகிய வேரின் மேல்தோல் உறைபோல வழுக்கிக்கொண்டு வந்து, நடுவில் மெல்லிய நூல் மட்டும் மிஞ்சும். கூடவே கொழகொழப்பும் சாக்கடை வாடையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், வேரழுகல்தான்.

வேர் வெள்ளையாக, நலமாக இருந்தும் செடி வாடுகிறதா? அழுகலை மறந்துவிட்டு உப்புச் செறிவு, காற்றின் வறட்சி, தண்டு என்று மேலே போங்கள்.

வெப்பமும் ஆக்சிஜனும்

வீட்டுக்குள் வளர்க்கும்போது வரும் வாடலில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. வேரும் மூச்சு விடும். தண்ணீரை உள்ளே விடும் வேர்ச்செல்கள் சரியாக இயங்க ஆற்றல் தேவை, அந்த ஆற்றலுக்கு ஆக்சிஜன் தேவை. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதே வெப்பத்தில் வேருக்கு வேண்டிய ஆக்சிஜனோ கூடுகிறது. கொள்ளளவு குறையும்போது தேவை ஏறுகிறது என்பதால், 22 டிகிரியில் தாராளமாகப் போதுமாக இருந்த ஏர் பம்ப் 29 டிகிரியில் திணறும்.

மூச்சுத் திணறிய வேரைத் தேடி வருவது, வேரழுகலை உண்டாக்கும் பித்தியம். பார்வைக்குப் பூஞ்சை போல இருந்தாலும் இது பூஞ்சையல்ல, நீரில் நீந்தும் வித்துகளை விடும் நுண்ணுயிர். ஒரே தொட்டியைப் பகிரும் செடிகளில் ஒன்றுக்கு வந்தால் சில நாளில் மற்றவற்றுக்கும் பரவுவதற்கு இதுவே காரணம். கரைசல் 25 டிகிரியைத் தாண்டினால் அதன் வீரியமான வகைகளுக்குக் கொண்டாட்டம். ஆகவே 18 முதல் 22 டிகிரி வரை வைத்திருப்பதே இலக்கு. 24 வரை சமாளிக்கலாம்.

வெப்பத்தைக் குறைக்கச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தொட்டியை விளக்குக்கு நேர் கீழிருந்து நகர்த்துங்கள், வெளிப்புறத்தைத் தெர்மோகோலாலும் அதன்மேல் வெள்ளி நிறத் தாளாலும் மூடுங்கள். விளக்கு எரியும் நேரத்தைப் பகலிலிருந்து இரவுக்கு மாற்றினாலே அறை குளிர்ந்திருக்கும் வேளையில் விளக்கின் சூடு சேரும், பகலின் உச்சியில் சேராது. மூழ்கியிருக்கும் நீர் பம்பும் சூட்டைக் கக்கும். சிறிய தொட்டியில் தேவைக்கு மீறிய பெரிய பம்ப் வைத்திருந்தால் அதுவே குற்றவாளியாக இருக்கலாம். அவசரத்துக்குப் பனிக்கட்டி உறைந்த பாட்டில் உதவும். 20 லிட்டர் கரைசல் 29 டிகிரியில் இருக்கும்போது ஒரு லிட்டர் பனிக்கட்டி அதை ஏறத்தாழ 5 டிகிரி இறக்கும். ஆனால் சில மணி நேரத்தில் வெப்பம் பழையபடி ஏறிவிடும். பாட்டில் வேரில் உரசாத மூலையில் இருக்கட்டும்.

காற்றோட்டத்துக்கு ஒரு கைக்கணக்கு: நான்கு லிட்டர் கரைசலுக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் காற்று தரும் பம்ப். 20 லிட்டர் தொட்டிக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர். பெட்டியில் எழுதியிருக்கும் அளவு ஆழமில்லாத நிலையில் எடுத்தது, ஆழம் கூடினால் காற்று குறையும், அதனால் ஒரு படி பெரியதாக வாங்குவது நல்லது. காற்றைக் குமிழாக்கும் ஏர் ஸ்டோனின் துளைகள் சில மாதத்தில் உப்பாலும் பாசியாலும் அடைத்துக்கொள்ளும்; பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதே என்று இருந்துவிடாமல் குமிழ் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போட வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பைக் கெடுக்கும்.

தொட்டிக்குள் வெளிச்சம் நுழைந்தால் பாசி வளரும். பகலில் அது ஆக்சிஜன் விடும் என்பது உண்மைதான், ஆனால் இருட்டில் அதுவே ஆக்சிஜனைத் தின்னும், செத்து மக்கும்போது இன்னும் அதிகமாகத் தின்னும். மூடியின் காலித் துளைகளையும் விட்டுவைக்காமல் அடைத்துவிடுங்கள்.

உப்பு கூடிப்போனால்

கரைசலில் உப்புச் செறிவு ஏற ஏற, வேர் தண்ணீரை இழுக்கப் பட வேண்டிய பாடும் ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் நீர் வேரிலிருந்து வெளியே போகத் தொடங்கும், உப்பு தூவிய வெள்ளரித் துண்டு நீர் விட்டுச் சுருங்குவதுபோல. இந்த வகை வாடலில் வேர் வெள்ளையாகவே இருக்கும், இலை கரும்பச்சையாகவும் தடிப்பாகவும் தெரியும், விளிம்பும் நுனியும் காய்ந்திருக்கும்.

இளநாற்றுக்கு 0.5 முதல் 0.8 மில்லிசீமென்ஸ் போதும். லெட்யூஸ் போன்ற கீரைகளுக்கு 0.8 முதல் 1.4, துளசி வகை மூலிகைகளுக்கு 1.0 முதல் 1.6, காய்க்கும் தக்காளிக்கு 2.0 முதல் 3.5 வரை. தக்காளிக்கும் கீரைக்கும் ஒரே தொட்டி வைத்தால் ஏதோ ஒன்று எப்போதும் அவதிப்படும். இதே செறிவைப் பிபிஎம் அலகில் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் அது எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2.0 மில்லிசீமென்ஸ் கரைசலை ஒரு மீட்டர் 1000 பிபிஎம் என்றும் இன்னொன்று 1400 பிபிஎம் என்றும் காட்டும். ஒன்றின் அட்டவணையை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிட்டால் கரைசல் தப்பாகத்தான் அமையும்.

யாரும் கூடுதல் சத்து ஊற்றாமலே செறிவு ஏறும். சூடான, வறண்ட அறையில் செடி சத்தைவிடத் தண்ணீரையே அதிகம் குடிக்கும். மட்டம் இறங்கும், உப்பு அப்படியே தங்கும். குறைந்த மட்டத்தை மறுபடி முழு வீரியக் கரைசலால் நிரப்பினால் வாரா வாரம் உப்பு சேர்ந்துகொண்டே போகும். மட்டமும் இறங்கி ஈசியும் ஏறியிருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். மட்டம் இறங்கி ஈசி மாறாமல் இருந்தால் அதே வீரியக் கரைசல். மட்டத்தோடு ஈசியும் இறங்கியிருந்தால் மட்டும் சற்றுக் கூடுதல் வீரியம்.

ஏறிப்போனதைக் குறைக்க ஒரு கணக்கு உண்டு. இப்போதைய ஈசியிலிருந்து வேண்டிய ஈசியைக் கழியுங்கள். அதை, இப்போதைய ஈசிக்கும் ஊற்றப்போகும் தண்ணீரின் ஈசிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, தொட்டியின் அளவால் பெருக்குங்கள். 20 லிட்டர் தொட்டியில் 2.8 இருக்கிறது, 1.4 வேண்டும், குழாய்த் தண்ணீர் 0.3 என்றால், 1.4ஐ 2.5ஆல் வகுத்து 20ஆல் பெருக்க 11.2 வரும். அத்தனை லிட்டரை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். இந்த வாடல் மட்டும் விரைவில் தெளியும், ஒரே நாளில் வித்தியாசம் தெரியும். தெளியவில்லை என்றால் வேர் ஏற்கெனவே வெந்திருக்கிறது.

பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். கொஞ்சம் விலகினால் செடி வாடாது. ஆனால் அளவு தவறி அமிலம் விழுந்து 4க்குக் கீழே போனால் வேர்நுனி கருகி வாடும். அமிலத்தை நேரே வேர் மேல் ஊற்றாமல், ஒரு குவளைத் தண்ணீரில் கலந்து, கலந்ததைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளந்து பார்ப்பதே முறை. குவளையில் முதலில் தண்ணீர், பிறகு அமிலம். வரிசை மாறக் கூடாது.

வேர் நலம், காற்று வறட்சி

25 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் இருக்கும் அறையில் கீரைகள் நிம்மதியாக இருக்கும். அதே அறை 30 டிகிரிக்கு ஏறி ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கினால், காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஏசி ஓடும் அறையில் வெப்பம் குறைவு என்றாலும் காற்று வறண்டிருக்கும், அதன் காற்று நேரே செடிமேல் வீசினால் இன்னும் மோசம். மின்விசிறி இலைகளை இலேசாக ஆட்ட வேண்டும், அவ்வளவே.

விளக்கு மிக அருகில் இருந்தால் மேல் இலைகள் மட்டும் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு துவளும், கீழ் இலைகள் நன்றாக இருக்கும். சிறிய எல்இடி பட்டைகளை 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்திலும், சக்திவாய்ந்த பலகைகளை 45 சென்டிமீட்டருக்கு மேலும் வைத்துத் தொடங்குங்கள். லெட்யூஸுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் போதும். இலைமேல் தண்ணீர் தெளிப்பதால் பத்து நிமிட ஆறுதல்தான் கிடைக்கும். ஈரமும் நெரிசலும் சேர்ந்தால் இலைநோய் வேறு வரும்.

அமைப்பே காரணமாகும்போது

மெல்லிய நீரோட்டம் ஓடும் குழாய் அமைப்பில் வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் நீர்தான் இருக்கும். பம்ப் நின்றால் சூடான அறையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் செடிகள் தொங்கும். குழாய்க்கு நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் ஓட்டம் வேண்டும்: குழாயின் வாயில் ஒரு அளவுக் குவளையைப் பிடித்து ஒரு நிமிடம் அளந்தால் தெரிந்துவிடும். 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. கரைசலை அவ்வப்போது நிரப்பி வடிக்கும் அமைப்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியது டைமர். மின்தடைக்குப் பிறகு பழைய வகை டைமர்கள் பின்தங்கி ஓடும், விளக்கு எரியும் நேரமும் பாசன நேரமும் பொருந்தாமல் போகும்.

பம்ப் இல்லாத கிராட்கி முறையில் வாடல் வருவதற்குப் பெரும்பாலும் அன்புதான் காரணம். மட்டம் இறங்கும்போது மேல்பகுதி வேர்கள் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கப் பழகியிருக்கும். பாதிக்கு மேல் காலியான தொட்டியை ஒரே ஊற்றில் வாய்வரை நிரப்பினால் அந்தக் காற்று வேர்கள் மூழ்கித் திணறும், ஓரிரு நாளில் செடி சாயும். நிரப்ப வேண்டும் என்றால், மேலேயுள்ள காற்று வேர்களில் பாதியாவது வெளியே இருக்கும்படி நிறுத்துங்கள்.

நாற்று மாற்றி நட்ட இரண்டு மூன்று நாள் துவளுவது இயல்பு. வெளிச்சத்தைப் பாதியாக்கி, ஒளிபுகும் மூடியால் மூடிவைத்தால் தேறும். வேர் இன்னும் நெட் பாட்டுக்கு வெளியே வராத நாற்றுக்கு, பாட்டின் அடி தண்ணீரைத் தொட வேண்டும். வேர் இறங்கிய பிறகு மட்டத்தை 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே இறக்கிவிடுங்கள். எப்போதும் சொதசொதவென்று இருக்கும் ராக்வூலில் (பஞ்சுபோன்ற பாறை இழைக் கட்டி) தண்டின் அடி அழுகி நாற்று மடங்கி விழும், அதைக் காப்பாற்ற முடியாது.

ஒரே ஒரு செடி மட்டும் வாடினால்

வேரா, தண்டா என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வாடிய செடியிலிருந்து ஒரு கிளையைக் கூர்மையான கத்தியால் சாய்வாக வெட்டி, சுத்தமான தண்ணீரில், நிழலில் வையுங்கள். சில மணி நேரத்தில் கிளை நிமிர்ந்தால் தண்டுக்குள் நீர் போகும் குழாய்கள் திறந்திருக்கின்றன, கோளாறு வேரில். நிமிரவே இல்லை என்றால் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தோலுக்குக் கொஞ்சம் உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் ஃபியூசேரியம் போன்ற பூஞ்சையால் வரும் வாடல் நோயாக இருக்கலாம். இலைகள் ஒரு பக்கமாக மஞ்சளாகி வருவதும் அதன் அடையாளம். தக்காளி, மிளகாய், கத்திரியில் வெட்டிய அடித்தண்டைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் நிற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இந்த இரண்டுக்கும் மருந்து இல்லை. செடியை வேரோடு எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

சின்னக் கறுப்புக் கொசுக்கள் செடியைச் சுற்றிப் பறக்கின்றனவா? அவற்றின் புழுக்கள் வேரைத் தாங்கும் ஈரமான ஊடகத்துக்குள் இளவேரைத் தின்னும். மஞ்சள் ஒட்டு அட்டையும், பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா கலந்த தண்ணீரும் சேர்ந்தால் கட்டுப்படும்.

வேரழுகல் வந்த செடியை மீட்பது

தண்டின் அடி விரலால் அழுத்தினால் நசுங்கினால் முயற்சியே வேண்டாம். அடித்தண்டு உறுதியாக இருந்து, வெள்ளை வேர் கொஞ்சமாவது மிச்சமிருந்தால் இப்படிச் செய்யலாம்.

1. செடியைத் தனி வாளிக்கு மாற்றுங்கள். வெதுவெதுப்பில்லாத ஓடும் தண்ணீரில் வேரைக் கழுவி, வழுக்கும் பகுதிகளைச் சுத்தமான கத்தரிக்கோலால் நீக்குங்கள். ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தரிக்கோலை ஆல்கஹாலில் துடைக்க வேண்டும்.
2. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு லிட்டருக்கு 10 மில்லி கலந்த தண்ணீரில் வேரைப் பத்து நிமிடம் வைத்து, மறுபடி கழுவுங்கள்.
3. வேர் குறைந்த அளவுக்கு இலையும் குறைய வேண்டும். முதிர்ந்த இலைகளில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள், பூவும் காயும் இருந்தால் அவற்றையும்.
4. பாதி வீரியமுள்ள புதுக் கரைசல், 20 டிகிரி, பலமான குமிழ். வெளிச்சம் பாதி.

பெராக்சைடு தொற்றைக் குறைக்கும், ஆனால் காரணத்தைத் தீர்க்காது. அது ஓரிரு நாளில் சிதைந்து தண்ணீராகிவிடும். தொட்டி 28 டிகிரியிலேயே இருந்தால் அழுகல் அடுத்த வாரமே திரும்பும். பேசிலஸ் வகை நல்ல பாக்டீரியாவைச் சேர்ப்பவர்கள் பெராக்சைடோடு அதைச் சேர்க்கக் கூடாது, இரண்டில் ஒன்றுதான். வேர் ஊக்கி என்ற பெயரில் சர்க்கரைப்பாகு கலந்த எதையும் இந்த நேரத்தில் ஊற்றாதீர்கள், கிருமிக்குத்தான் அது விருந்து.

பழைய தொட்டியைக் காலி செய்து, குழாய், பம்ப் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிய பின், 5 சதவீத வீட்டு பிளீச் லிட்டருக்கு 10 மில்லி கலந்த தண்ணீரை அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு வாடை போகும்வரை மூன்று நான்கு தடவை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். பிளீச்சோடு வினிகரோ பிஎச் குறைக்கும் அமிலமோ சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு வரும். உப்புப் படிவை அமிலத்தால் நீக்க விரும்பினால் அது வேறொரு நாள் வேலை. ஏர் ஸ்டோனையும் பழைய ஊடகத்தையும் தூக்கி எறிவதே மேல், அவற்றின் நுண்துளைக்குள் எந்தக் கழுவலும் முழுதாகப் போகாது.

நான்கு முதல் ஏழு நாளில் தண்டின் அடியிலிருந்து பால் வெள்ளையான புது வேர்நுனிகள் வந்தால் செடி பிழைத்துவிட்டது. பழைய இலைகள் தொங்கியே இருக்கலாம், அவற்றைப் பார்த்துக் கலங்க வேண்டாம். குருத்து நிமிர்கிறதா என்று மட்டும் பாருங்கள். புது வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்த பிறகு வெளிச்சத்தையும் ஈசியையும் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு படி ஏற்றுங்கள். பத்து நாள் ஆகியும் புது வேர் தலைகாட்டாத லெட்யூஸைக் காத்திருந்து பார்ப்பதைவிடப் புது நாற்று போடுவது விரைவு. தக்காளி, துளசி என்றால் நலமாக இருக்கும் நுனியை 10 சென்டிமீட்டர் வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, சுத்தமான தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் புதுச் செடியே கிடைக்கும். ஆனால் வாடல் நோய் வந்த செடியிலிருந்து நுனி எடுக்கக் கூடாது.